அம்புக்குறி ஒட்டிய பக்கங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. மலேசியாவில், தைப்பிங் நகரில், எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் ஒரு வாசிப்பு அறை இருக்கிறது. அதில் தமிழுக்கென்று இருப்பது ஒரே ஓர் அலமாரி. அதை யாரும் தொட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது, எடுத்துவிட்டு அந்த மூலையில் பிங்பாங் மேசை போடலாம் என்று போன கூட்டத்தில் செயலாளர் சொன்னார். என் நண்பன் கோபால் தினமும் சாயங்காலம் அந்த அலமாரியின் பக்கத்தில் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, வராத ஆட்களுக்காகக் காத்திருப்பவன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து நின்றுவிட்டேன். "அடுத்த வாரம் திருப்பூருக்குப் போகிறேன். ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவருகிறேன். ஆண்டு முடிவதற்குள் ஆள் வரவில்லை என்றால் மேசைக்கு நானே ஒரு பக்கம் தோள் கொடுக்கிறேன்" என்றேன்.

கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். எனக்குப் புத்தகம் பற்றி என்ன தெரியும்? நான் பனியன் பார்க்கிறவன். கப்பலேறுவதற்கு முன் துணிகளைச் சோதித்து, 'பாஸ்' என்றோ 'பெயில்' என்றோ கையெழுத்துப் போடுவதுதான் இருபத்துநான்கு வருடமாக என் வேலை. கடைசியாக முழுசாகப் படித்த புத்தகம் எது என்று மனைவி கேட்டாள். துணி துவைக்கும் மெஷினோடு வந்த கையேடு என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து, நான் சரக்கு பார்க்க வேண்டிய திருப்பூர் பனியன் கம்பெனியின் வேனில் கிளம்பினேன். பாதி வழியில் டயர் பஞ்சர். டிரைவர் ஜாக்கியைத் தேடிக்கொண்டே, "சித்த அந்த பேக்கரில உக்காருங்க சார், டீ ஒண்ணு குடிக்கறதுக்குள்ள மாட்டிப்போடறேன்" என்றார். இந்தப் பக்கத்தில் பத்தடிக்கு ஒரு பேக்கரி. எங்கள் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மழை வரும். இங்கே எந்நேரமும் டீ வருகிறது. நான் தேங்காய் பன் இரண்டு தின்று, டீ மூன்று குடித்த பிறகுதான் டயர் மாட்டி முடிந்தது. அவர் சொன்ன அந்த 'ஒரு டீ' எவ்வளவு பெரிய டம்ளர் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

கம்பெனிக்குப் போனால் சரக்கு தயாராக இல்லை. பிளாஸ்டிக் உறைகளில் தப்பான எழுத்து அச்சாகி வந்துவிட்டதாம். புதிது வந்து பேக் செய்து முடிக்கத் திங்கள்கிழமை ஆகும் என்றார் மேனேஜர். வேறு சமயமாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். இந்த முறை உள்ளூரச் சந்தோஷம்தான். புத்தகம் தேட இரண்டு நாள் சும்மா கிடைத்ததே.

தேட வேண்டியிருக்கவே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியின் சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். அங்கே, கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், ஏற்றுமதிக்கு அனுப்பும் அட்டைப்பெட்டிகள் நான்கு வரிசையாக இருந்தன. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சைஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சரக்கை ஈரத்தில் வைத்திருக்கிறார்களே என்று கோபமாகப் போய் எட்டிப் பார்த்தேன். அத்தனையும் புத்தகம்.

எஸ் பெட்டியில் கோழிக்கு வரும் நோய்கள் பற்றிய சின்னப் புத்தகம், அதன்மேல் ஒரு கொலைக் கதை, அதன்மேல் விடுகதைத் தொகுப்பு, பேருந்து நடத்துநர் ஒருவர் எழுதிய கவிதைகள். எக்ஸ்எல்லில் நான்கு தலைமுறைக் கதை சொல்லும் தலையணை நாவலும், அதே பருமனில் வீட்டு வைத்திய நூலும். நாவல் ரொம்ப அடிபட்டு முதுகு பிரிந்திருந்தது. அதைத் தையல் மெஷினில் கொடுத்து, பனியன் தைக்கும் நூலாலேயே நேராக ஒரு தையல் போட்டிருந்தார்கள். கோணலே இல்லை. பழக்கதோஷத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்த்துவிட்டேன்.

"சரியா இருக்குதுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். செக்கிங் பகுதியின் சூப்பர்வைசர் சரோஜா. பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்தில் வீடு. தைத்து வரும் துணிகளில் குறை தேடும் முப்பது பெண்களுக்கும் அவர்தான் தலைமை. புத்தகங்களும் அந்தப் பெண்களுடையவைதான்.

"கதைக்கு ஒரு பெட்டி, வைத்தியத்துக்கு ஒரு பெட்டி என்று வைக்கக் கூடாதா? எல்லாம் கலந்து கிடக்கிறதே" என்றேன்.

"எங்களுக்கு வேண்டியது நேரந்தானுங்க. எஸ்ஸுன்னா டீ டைம்ல முடிஞ்சிரும். எம்முன்னா ஒரு வாரத்துச் சாப்பாட்டு நேரம். எல்லு, ஞாயித்துக்கெழமைக்கு."

"எக்ஸ்எல்?"

"அது தீவாளி லீவுக்குங்க."

கொலைக் கதை தேடி வந்தவள் கைக்குக் கோழி வைத்தியம் அகப்படும். சரி, இருக்கிற நேரத்துக்கு இதுதான் என்று அதைப் படிப்பாளாம். அப்படித்தான் ஓவர்லாக் மெஷினில் வேலை பார்க்கும் ஒரு பெண் கிணறு தோண்டுவது பற்றி அத்தனையும் தெரிந்துவைத்திருக்கிறாள் என்று சரோஜா சொன்னார். எங்கள் ஊர் அலமாரியில் இலக்கியம், சமயம், பொது என்று கோபால் அழகாக வகை பிரித்து எழுதி ஒட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. அந்த ஒழுங்கைக் குலைக்கத்தான் ஆள் இல்லை.

என் சபதத்தைச் சொன்னேன். சரோஜா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பொட்டி நெம்பி வழியுதுங்க. வேணுங்கறத எடுத்துக்கங்க சார்" என்றார். எங்கள் வேலையில் சோதிக்கப் போகும் இடத்தில், சரக்கைப் பாஸ் செய்து முடிக்கும்வரை ஒரு வாய்ச் சோறுகூட வாங்கித் தின்னக் கூடாது என்று சட்டம்; அன்றும் பன்னும் வாழைப்பழமும் பையில் கொண்டுபோயிருந்தேன். அதையும் சொன்னேன்.

"ஏனுங்க, எங்க சோத்தத் தின்னா பீஸ பாஸ் பண்ணிப்போடுவீங்களாக்கும்?" என்று சிரித்தார். "செரி, புக்குக்குப் புக்கு மாத்திக்கலாம். நாளைக்கு நானும் எங்க செக்கிங் மேரியும் மங்கலத்துக்குப் போறமுங்க, பழைய பேப்பர் கடைக்கு. நீங்க வந்து அங்க எங்களுக்கு எடுத்துக் குடுங்க. செரிக்குச் செரி ஆயிருமில்லங்க?"

நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலமே ஹாலில் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினேன். பக்கத்து பெஞ்சில், அயர்னிங் பிரிவில் வேலை செய்யும் ராஜேஷ் என்ற பீகார்க்காரர் போனில் மனைவியிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்; வேலைக்காக ஊர் ஊராகப் போனதில் எனக்கும் கொஞ்சம் இந்தி புரியும். மடியில் எஸ் பெட்டியிலிருந்து எடுத்த, தமிழ் எழுத்து பழகும் படப் புத்தகம். "இன்று ஆட்டிலிருந்து யானை வரை வந்துவிட்டேன். இந்தப் பாஷையில் இலைக்குக்கூடத் தனி எழுத்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவர் மனைவி எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது.

என் வேலை சுலபமாக முடிந்தது. காரணம், பாதிப் புத்தகங்களின் பக்கங்களில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது. நகத்தளவு ஸ்டிக்கர். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அதைவிடப் பழக்கமான பொருள் இல்லை. துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது இருந்தாலும், அதைக் காட்டி அந்த அம்பை ஒட்டிவிடுவார்கள். ஆகா, அச்சுப் பிழைகளைக்கூட விடாமல் பிடித்திருக்கிறார்களே, என்ன சிரத்தை என்று மெச்சிக்கொண்டேன். சில புத்தகங்களில் பத்துப் பன்னிரண்டு அம்பு; அவற்றைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். ஓர் அம்புகூட இல்லாத, மடங்காத, கசங்காத இருபத்திரண்டு புத்தகங்களை எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கினேன். எதையும் திறந்து படிக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் எவ்வளவு நிம்மதியாகத் தூங்குவான் என்பதற்கு அன்றைய என் தூக்கமே சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை மங்கலத்துக்கு டவுன் பஸ். நிற்க இடமில்லை. ஒரு காதில் இந்தி, மறு காதில் மதுரைப் பக்கத்துத் தமிழ், நடுவில் கண்டக்டரின் "உள்ள போங்க, உள்ள போங்க". மேரி எனக்கு முன்னால் நின்றிருந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து பன்னிரண்டு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறார். இறங்க வேண்டிய இடத்தில் என் பை கம்பியில் மாட்டிக்கொண்டது. பஸ் என்னை அடுத்த நிறுத்தத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வெயிலில், தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் வழியாகத் திரும்பி நடந்து வந்தேன். கடை வாசலில் இருவரும் எனக்காக ஒரு இளநீரை வெட்டாமல் வாங்கிவைத்திருந்தார்கள். கடைக்காரர் அதைச் சீவிக்கொடுத்தார்; சட்டம் ஞாபகம் வந்து காசை மட்டும் சரோஜாவிடம் கொடுத்துவிட்டேன்.

கடையென்றால் கூரைவரை பழைய பேப்பர். ஒரு மூலையில் புத்தகக் குவியல். அங்கே அந்த இருவரும் வேலை செய்ததைப் பார்த்தேன். வேலை என்றுதான் சொல்ல வேண்டும். அட்டையைப் பார்ப்பதே இல்லை. நடுவில் எங்கேயோ ஓரிடம், அதைத் தாண்டி ஓரிடம், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடம், மூன்று இடத்தில் பிரித்து ஆளுக்கு அரைப் பக்கம் படிக்கிறார்கள். பிடித்தால் இடப்பக்கம், இல்லையென்றால் வலப்பக்கம்.

"முதல் பக்கத்தைப் படிக்க மாட்டீர்களா?" என்றேன்.

சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்க பொட்டியத் தொறந்தா மேல இருக்கற பீஸயா எடுத்துப் பாப்பீங்க?"

மாட்டேன். மேலே நல்லதாகத்தான் வைத்திருப்பார்கள் என்பது தெரிந்ததுதானே, அடியிலிருந்துதான் உருவுவேன். இத்தனை வருடம் அதைத் துணிக்கு மட்டுமே செய்துவந்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மாட்டு வியாபாரி ஒருவர் தன் அனுபவங்களை எழுதிய ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த சரோஜா வாய்விட்டுச் சிரித்தார். மேரியிடம் காட்டினார், அவரும் சிரித்தார். பிறகு சரோஜா கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஓர் அம்பை உரித்து, அந்த வரிக்கு நேராக ஒட்டினார்.

"என்ன பிழை?" என்று கேட்டேன்.

"பிழையா? இல்லீங்க. இந்த எடம் நெம்ப நல்லாருக்குது. அடுத்து எடுக்கறவங்க உட்டுப்போடக் கூடாதில்லங்க, அதுக்குத்தான்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் காது சூடாகிவிட்டது. நான் எடுத்துவைத்த புத்தகங்கள் என்னென்ன என்று மேரி விசாரிக்க ஆரம்பித்தார். பச்சை அட்டை, பொன்னெழுத்து என்று ஒன்றைச் சொன்னேன்.

"ஐயோ, அந்தத் தொழிலதிபர் வாழ்க்கை வரலாறா? அத நாங்க நாலு பேரு ஆரம்பிச்சோம் சார். நாலு பேரும் ஒறங்கிட்டோம்."

"மாநாட்டு மலர் ஒன்று…"

"அதையுமா எடுத்திய? என்ன சார் இப்படிப் பண்ணிட்டிய! யாராலயும் படிக்க முடியாததா பாத்து எடுத்திருக்கியளே."

அசடு வழிய நின்றேன். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டியைத் தைப்பிங்கில் கொண்டுபோய் இறக்கியிருந்தால்? கோபால் ஆசையாகத் திறந்து அடுக்கியிருப்பான், பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருப்பான், வந்த ஒன்றிரண்டு பேரும் தூங்கிப் போயிருப்பார்கள். பிங்பாங் மேசைக்கு என் கையாலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்திருப்பேன். இருபத்துநான்கு வருடத்தில் எத்தனை லட்சம் சட்டைகள் என் கையைக் கடந்து போயிருக்கும். ஒன்றிலாவது, இந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று நான் ஒரு குறி வைத்ததில்லை. அதற்கும் அதே ஸ்டிக்கரை ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு நானும் உட்கார்ந்தேன். மூன்று இடம், அரைப் பக்கம். முதல் பத்துப் புத்தகம் பிடிபடவில்லை. பதினொன்றாவதாக, உப்பளத்தில் கணக்கு எழுதியவர் ஒருவரின் நினைவுகள். நடுவில் பிரித்தேன், மழை வந்து ஒரு வருட உப்பு ஒரே ராத்திரியில் கரைகிற இடம். அரைப் பக்கத்தில் நிறுத்த முடியாமல் நாலு பக்கம் போய்விட்டேன். சரோஜா ஸ்டிக்கர் தாளை என் பக்கம் நீட்டினார். அவர்களுக்குக் கொடுப்பதற்காக அன்று முப்பது புத்தகம் எடுத்தோம். அதில் ஒன்பது நான் தேர்ந்தெடுத்தவை.

திங்கள்கிழமை சரக்கு தயார். குழந்தைகள் போடும் டி-ஷர்ட். நான் அடியிலிருந்து உருவினேன். கழுத்துப் பட்டியில் தையல் விட்டுப்போன பீஸ் ஒன்று, இரண்டு, ஐந்து என்று வந்துகொண்டே இருந்தது. அனுமதிக்கும் அளவைத் தாண்டிவிட்டது. பார்த்து அனுப்பியது சரோஜாவின் ஆட்கள். அவர் எதிரில்தான் நின்றிருந்தார். முந்தைய நாள் வெயிலில் எனக்கு இளநீர் வாங்கிவைத்திருந்தவர். எண்ணிக்கையை இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன். 'பெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் முகம் சுருங்கிப்போனது. சரோஜா, நான் அம்பு ஒட்டிய பீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "உட்டுருக்கறோமுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு திரும்பி, "பொட்டி எல்லாத்தையும் பிரிங்க கண்ணு, மொதல்ல இருந்து பாக்கலாம்" என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு முழுக்க யாரும் என்னிடம் பேசவில்லை. எனக்குப் பன் இறங்கவில்லை. புத்தகம் அவ்வளவுதான், கோபாலிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி பார்த்தேன். அடியில், நடுவில், மூலையில் என்று எங்கே உருவினாலும் சுத்தம். 'பாஸ்' என்று எழுதும்போது எனக்கே மூச்சு வந்தது. பேனாவை மூடுவதற்குள் சரோஜா, "இப்பச் சோறு திங்கலாமில்லங்க?" என்றார்.

சாப்பாட்டு ஹாலில் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். சாப்பிட்டு நிமிர்ந்தால், நான் பொறுக்கிவைத்திருந்த பெட்டி காலி. அதைச் சுற்றிப் பெண்கள் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோழி வைத்தியம் வேண்டும், அங்கே யார் கோழி வளர்க்கிறார்கள், வளர்க்காவிட்டால் என்ன, அந்தச் சேவல் கதை வருகிற பக்கத்துக்காகவே படிக்கலாம். கொலைக் கதை போகட்டும், கடைசி இரண்டு பக்கம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லை, சொன்னால் எடுக்க மாட்டார்கள். நடத்துநர் கவிதை, கிணறு, சமையல், ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் போனவரின் பயணம் என்று ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன.

"நேற்று நான் பெயில் போட்டேனே" என்றேன் சரோஜாவிடம்.

"அது பீஸுங்க. இது புக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

மேரி கடைசியாக ஒரு புத்தகத்தோடு வந்தார். ஒரு நர்ஸ் தன் வேலையைப் பற்றி எழுதியது. புத்தகமே தடித்துப் போகிற அளவுக்கு அம்பு. மேரியின் பிள்ளைகள் இருவரும் ஒரே மாதத்தில் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாராம்.

"இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"நாங்க படிச்சிட்டோம்லா சார். படிக்காதவங்களுக்குக் குடுங்க."

அந்த 'லா'வைக் கேட்டதும் தைப்பிங் ஞாபகம் வந்துவிட்டது. நாங்களும் பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்த்துத்தான் பேசுவோம். புத்தகத்தை வாங்கிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். ராஜேஷ் பெட்டிக்குக் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார். எடை கூடிவிட்டது; என் சட்டைகளில் நாலையும் ஒரு ஜோடி செருப்பையும் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஊருக்கு வந்ததும் கோபால் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, பழைய பேப்பரா?" என்றான். அலமாரியிலிருந்த பழைய புத்தகங்களோடு கலந்து அடுக்கினோம். இதற்கு என்ன வகை என்று எழுதுவது எனக் கேட்டான். ஒன்றும் எழுதாதே என்றேன்.

ஆண்டு முடிய மூன்று வாரம் இருந்தபோது செயலாளர் அளவு நாடாவோடு மண்டபத்துக்கு வந்திருக்கிறார். நான் அப்போது வேலையாக வெளியூரில் இருந்தேன். கோபால்தான் போனில் சொன்னான். அலமாரியைப் பார்த்தாராம். ஐந்து தட்டும் காலி. "என்ன கோபால், ஒரு புத்தகம்கூட இல்லை, அப்புறம் எதற்கு அலமாரி? நாளைக்கே தூக்கிவிடலாம்" என்றாராம். கோபால் பதிவேட்டில் புத்தகம் எடுத்துப்போனவர்களின் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறான். அவர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்திருக்கிறார், பக்கத்து வீட்டுப் பெயர், எதிர்வீட்டுப் பெயர், அப்புறம் தன் மனைவியின் பெயர்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையா என்று கேட்டார். கடைசி இரண்டு பக்கம் இல்லாத ஒன்று நாளைக்குத் திரும்பி வரும், உங்களுக்கு எடுத்துவைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்."